ஒரு சாணுக்கு உள்ளே

மேட்டுக் கூடம். நாள் 203, காலை 6.15

கூடத்துக்குள் சூடு சரி. காற்று சரி. தண்ணீர்த் தொட்டி முக்கால். கொடிகள் நான்கு. மூன்றாவது கொடியில் நேற்றுத் துணி சுற்றிக் கட்டிய பெண் பூ இன்று விரியும்.

இதைக் கண்டெடுப்பவர் யாராக இருந்தாலும் தெரிந்துகொள்ளட்டும். என் பெயர் பால்வண்ணம். ஊர் கடையம் பக்கம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பேசப் பேச இந்தப் பெட்டி அதை அச்சுத் தமிழாக்கி எழுதிக்கொள்கிறது. வானொலியில் நடக்கும் பேச்சை மட்டும் வந்தபடியே வைக்கும் என்றார்கள். என்ன எழுதுகிறது என்று பார்த்துச் சொல்ல எனக்கு வழியில்லை. ஊரில் ராட்சதப் பூசணி வளர்த்துக்கொண்டிருந்தேன். எந்த விதைக்கு எது தாய், எது தகப்பன் என்று பத்துத் தலைமுறை பின்னால் போய்க் கேட்டாலும் சொல்லுவேன். அதற்காகத்தான் இந்த வயதில் செவ்வாய்க்குத் தூக்கி வந்தார்கள்.

இங்கே காய் பெரிதாக வேண்டும் என்பது போட்டிக்காக அல்ல. இந்த மண்ணில் ஒரு உப்பு இருக்கிறது. மண்ணுப்பு என்போம். நாக்கில் பட்டால் கரிக்கும். தொடர்ந்து தின்றால் கழுத்து வீங்கி, சில வாரங்களில் ஆளை முடித்துவிடும். போட்ட பயிரெல்லாம் அதை உறிஞ்சி விஷமாகவே காய்த்தது. பூசணி மட்டும் அதைத் தோலிலிருந்து ஒரு சாண் ஆழத்துக்குள் பூட்டி வைக்கும். சதை ஒரு சாணைத் தாண்டினால் அதற்கு உள்ளே இருப்பது சுத்தம். தாண்டாவிட்டால் முழுக் காயும் விஷம்.

மழைக்காலம் என்று ஒன்று இங்கே இல்லை. ஆனாலும் மலை சரிந்தது. பாலம், உணவுக் கிடங்கு, பூமியோடு பேசும் கம்பம், உப்பைச் சோதிக்கும் கருவி, மாற்றுக் காற்றுக் குடுவைகள் எல்லாம் மண்ணுக்குள் போயின. கிடங்கில் வேலையில் இருந்தவர்களும் போனார்கள். மிஞ்சியது இரண்டு பேர். மேட்டுக் கூடத்தில் நான். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் கிழக்குக் கூடத்தில் துளசிமணி. ஊர் கோபி. பயிர் விஞ்ஞானம் படித்தவள். கையில் இருக்கும் சாப்பாட்டுப் பொட்டலங்களைச் சுருக்கிச் சாப்பிட்டால் இரண்டு விளைச்சல் வரை தாங்கும். கப்பல் வருவது அதற்கும் பல மாதம் பின்னால்.

என்னிடம் இருக்கும் சாதிக்குப் பெயர் கல்லாத்தி. சதை நெஞ்சுவரை அடைத்திருக்கும்; ஆனால் குடத்தளவோடு நின்றுவிடும். அவளிடம் இருப்பது முரடன். வண்டிச் சக்கரம் போல் பெருக்கும். உள்ளே வெறும் கூடு, சதை நான்கு விரல். இரண்டையும் சேர்க்க வேண்டும். ஆண் பூவைத் தட்டான் கொண்டுவருகிறது. தட்டான் என்பது ஒரு சிறு பறக்கும் இயந்திரம். ஒரு கைப்பிடிக்கு மேல் சுமக்காது.

துளசிமணி: "அண்ணாச்சி, மாப்பிள்ளைய அனுப்பிச்சுட்டனுங்க. வந்து சேந்தாருங்களா?"

நான்: "வந்துட்டாரும்மா. வாடிப்போயில்லா வாராரு."

துளசிமணி: "தட்டான்ல தொங்கிட்டு வந்தா யாருதாங்க வாடமாட்டாங்க? பொண்ணு என்ன பண்ணுதுங்க?"

நான்: "இப்பத்தான் கண்ணு முழிக்கா."

துளசிமணி: "முகூர்த்தம் தவறிறப் போகுதுங்க. வெயில் ஏறுனா பொண்ணு கதவச் சாத்திக்கும்."

மகரந்தம் தடவியாயிற்று. பூவை மறுபடி கட்டிவிட்டேன்.


நாள் 321, காலை 9.40

காய் பழுத்தது. அறுத்தேன். தாயைப் போலவே குடத்தளவு. இதைப் பார்த்து ஏமாறக் கூடாது. காய் என்பது தாயின் உடம்பு. தகப்பன் விதைக்குள் ஒளிந்திருப்பான். அடுத்த விளைச்சலில்தான் முகம் காட்டுவான். அந்த அடுத்த விளைச்சல்தான் நமக்குக் கடைசி.

இரண்டு குவியல் விதை வைத்திருக்கிறேன். ஒன்று, கல்லாத்தியின் பூவுக்கு அதே கொடியின் மகரந்தத்தைத் தடவி எடுத்தது. மற்றது முரடனோடு கலந்தது. காய் பெருக்க வேண்டுமானால் வெளிச்சமும் தண்ணீரும் ஒரு கூடத்துக்கு ஒரு பூசணிக் கொடிக்குத்தான் போதும். எதை ஊன்றுவது என்று காலையிலிருந்து சண்டை.

நான்: "சொந்தத்துல கட்டுனா குணம் மாறாதும்மா. அத்தை மகன், மாமன் மகன்னு எங்க ஆளுக காலங்காலமா அப்படித்தான்."

துளசிமணி: "அத்தை மகன்னா பரவால்லீங்க. நீங்க பண்ணியிருக்கறது தனக்குத்தானே தாலி கட்டிக்கறதுங்க."

நான்: "ஏட்டி, வாய் நீளுது."

துளசிமணி: "எங்க பக்கம் கூட்டம் பாத்துத்தான் பொண்ணு எடுப்பமுங்க. ஒரே கூட்டம்னா அண்ணன் தங்கச்சி. வெளிய எடுத்தாத்தான் ஒடம்பு ஓங்கும். நீங்களே நெனச்சுப் பாருங்க, கல்லாத்தியோட பாட்டி எத்தத்தண்டி இருந்துச்சுங்க?"

நினைத்துப் பார்த்தேன். பாட்டி அண்டா அளவு. அம்மா பெரிய பானை. இவள் குடம். தலைமுறைக்குத் தலைமுறை இளைத்ததை என் நினைவே எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது. கலப்பு விதையையே எடுத்தோம். அதிலும் தோள் அகன்று, நடுவில் மேடு தட்டியதாகப் பொறுக்கினேன். ஓடு கனம் என்பதால் ஓரத்தை அரத்தால் லேசாகத் தேய்த்துவிட்டு, அவள் பங்கைத் தட்டானில் ஏற்றினேன்.


நாள் 322, மாலை 4.20

விதை அவளிடம் சேர்ந்தது. திரும்பும்போது தட்டான் புழுதிக் காற்றில் மாட்டிப் பாறையில் மோதிவிட்டது. இனி எங்களுக்கிடையே பேச்சைத் தவிர எதுவும் போகாது.

அவளுக்கு உதவிக்கு ஒரு இயந்திரம் இருக்கிறது. நான்கு கால், இரண்டு கை. மாரப்பன் என்று பெயர் வைத்துத் தன் பேச்சையே அதற்குப் பழக்கியிருக்கிறாள். அதனிடம் அவள் பேசுவது வானொலியில் கேட்கும். "அரசாணிய ஊனிட்டயா மாரப்பா?" என்றாள். யாரம்மா அரசாணி என்று கேட்டேன். "எங்க ஊட்டு ராணிங்க" என்று சிரித்தாள். கலப்பு விதைக்குப் பெயர் சூட்டியிருக்கிறாள் போலும். நல்ல பெயர்.

காற்றுக்காக அவள் வெள்ளைக் காய்க் கொடிகளும் படர விட்டிருக்கிறாள். எங்கள் ஊரில் தடியங்காய் என்போம். அதற்கு உப்பைப் பூட்டத் தெரியாது. விதைவரை விஷம். ஆனால் இலை அடர்த்தி, மூச்சுக்கு நல்லது.


நாள் 402, காலை 7.00

என் காயைக் கட்டிப்பிடித்தால் கை எட்டவில்லை. அடியில் மணல் பரப்பியிருக்கிறேன். காம்பு முறுக்கிக்கொள்ளாமல் கொடியைத் தினமும் கொஞ்சம் நகர்த்துகிறேன். தட்டினால் கனத்த சத்தம். கூடு இல்லை.

துளசிமணி: "உங்க காய் எந்த அளவுங்க?"

நான்: "கன்னுக்குட்டி படுத்த மாதிரி."

துளசிமணி: "இங்க எருமையே படுத்திருக்குதுங்க."

நான்: "பொய் சொல்லாத தாயி. சாமி கண்ணக் குத்தும்."

துளசிமணி: "செவ்வாய்க்கு அந்தச் சாமி வரோணும்னா கப்பல் வரோணுமுங்க."


நாள் 417, காலை 5.50

கிழக்குக் கூடத்தில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்துவிட்டது. துளசிமணி வெளியே போய் அடைத்துவிட்டு வந்தாள். வந்ததிலிருந்து காய்ச்சல். நேற்று மாலையிலிருந்து பதில் இல்லை. மாரப்பனைக் கூப்பிட்டேன்.

நான்: "ஏல மாரப்பா, அம்மா எப்படி இருக்கா?"

மாரப்பன்: "ஒடம்பு அனலாக் கொதிக்குதுங்க. பேச்சில்லீங்க."

நான்: "தொட்டியில தண்ணி எவ்வளவு கெடக்கு?"

மாரப்பன்: "கால் தொட்டிங்க."

நான்: "அம்மாவுக்குக் குடிக்க எடுத்து வை. மிச்சத்தப் பூசணிக்கு மட்டும் விடு. மத்தக் கொடி எல்லாத்தையும் புடுங்கிரு. ஒரு சொட்டு வீணாப் போவக் கூடாது."

மாரப்பன்: "பூசணிய வெச்சுட்டு மத்ததெல்லாம் புடுங்கறதுங்களா?"

நான்: "ஆமாலே. வேரோட புடுங்கு."

மாரப்பன்: "ஆகட்டுங்க."

காற்றுக்கு ஒரு கொடி போதும். பிழைக்கக் காய் வேண்டும். மாரப்பன் நல்ல இயந்திரம். ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் கை வைக்கிறது.


நாள் 419, காலை 8.10

துளசிமணி: "அண்ணாச்சி."

நான்: "எம்மா! முழிச்சிட்டியா! கஞ்சி குடிச்சியா?"

துளசிமணி: "மாரப்பங்கிட்ட என்ன சொன்னீங்க?"

நான்: "தண்ணி இல்லைன்னான். பூசணிய விட்டுட்டு மத்தத புடுங்கச் சொன்னேன். ஏன்?"

துளசிமணி: "எங்க ஊர்ல பூசணின்னா வெள்ளைங்க, அண்ணாச்சி. வாசல்ல திருஷ்டி சுத்தி ஒடைக்கறமே, அது."

நான்: "அது தடியங்காயில்லா?"

துளசிமணி: "உங்களுக்குங்க."

நான்: "அப்ப பூசணிக்கு உங்க ஊர்ல என்ன பேரு?"

துளசிமணி: "அரசாணிங்க."

இடையில் புகுந்து மாரப்பன் தானாகச் சொன்னது: "பூசணி எல்லாக் கொடியும் நல்லா இருக்குதுங்க."


நாள் 419, பகல் 1.30

வேரோடு பிடுங்கச் சொன்னேன். வேரோடு பிடுங்கிவிட்டது. காய்க்குச் சதை கூடுவது இந்த மாதத்தில்தான். கொடி போனபோது ஒரு சாணுக்குப் பக்கத்தில்கூட வந்திருக்காது. அவள் அறுத்துப் பார்த்தாள். ஆறு விரல். அத்தனையும் விஷம்.

என்னோடு பேசும்போது அவள் பூசணி என்றே சொல்லுவாள். என் பேச்சுக்கு அவள் இறங்கி வந்திருக்கிறாள். மாரப்பனுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை.

எல்லாம் நினைவு இருக்கிறது. அவள் அந்தச் சொல்லைச் சொன்ன ஒவ்வொரு தடவையும், அப்போது அவள் குரல் எப்படி இருந்தது, நான் கையில் என்ன வைத்திருந்தேன் என்பது வரை. ஊன்றிய அன்று. முதல் பெண் பூ வந்த அன்று. "அரசாணி பிஞ்சு வுட்டிருச்சுடா" என்று அவள் துள்ளியபோது நானும் சந்தோஷப்பட்டேனே. எதற்குச் சந்தோஷப்பட்டேன்? இந்த நினைவை வைத்துக்கொண்டு என்ன செய்வது.

புதிதாக ஊன்றலாம் என்றால் அவளிடம் இருக்கும் பொட்டலம் விளைச்சல்வரை வராது. என் காய் இங்கே. அவள் அங்கே. நடுவில் பள்ளம்.

துளசிமணி: "உங்க மேல மட்டும் பழியில்லீங்க. நீங்க கேட்டப்ப வெளையாட்டுக்கு ராணின்னு சொல்லி வெச்சவ நானுங்க."

நான்: "வேண்டாம் தாயி. ஒண்ணும் சொல்லாத."


நாள் 455, காலை 6.30

அவள் பொட்டலங்கள் முடிந்து பல நாள் ஆகிறதாம். இன்றுதான் சொன்னாள். குரல் நூலாக இளைத்திருக்கிறது. நான் திட்டினேன். திட்டிவிட்டுக் காயில் அரிவாளை வைத்தேன்.

இன்னும் ஒரு மாதம் விட்டால் இன்னும் பெருக்கும். அவள் ஒரு மாதம் இருக்க மாட்டாள்.

சதை ஒரு சாணுக்கு மேல் நான்கு விரல். ஒரு சாணைச் சீவி எறிந்தேன். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் நான்கு விரல் கனம். இரண்டு தலைமுறைக் கலியாணம் இந்த நான்கு விரலுக்காக. பாதி எனக்கு, பாதி அவளுக்கு. இழுத்துப் பிடித்தால் கப்பல்வரை அரைவயிறு.

சுத்தமா என்பது மட்டும் தெரியாது. கல்லாத்தி உப்பை ஒரு சாணில் நிறுத்தும். முரடன் எங்கே நிறுத்துவான், கலப்பில் யார் குணம் ஓங்கியது, தெரியாது. நாக்கில் வைத்தால் உடனே தெரிந்துவிடும். ஆனால் முந்தைய விளைச்சல்களை எல்லாம் நக்கிப் பார்த்துப் பார்த்து என் நாக்கு மரத்துவிட்டது. கல்லை வைத்தாலும் கருப்பட்டியை வைத்தாலும் ஒன்றுதான். நானும் தின்னத்தான் போகிறேன். ஆனால் எனக்குத் தெரிய வாரக்கணக்காகும்.

நான்: "கீழ பள்ளம்வரை நான் இறக்குதேன். மாரப்பன் உன் பக்கம் இறங்கி வந்து எடுத்துக்கிடட்டும். வச்சுட்டுத் திரும்பி ஏற ஒரு குடுவை காத்து போதுமான்னு கணக்குப் பாரு."

துளசிமணி: "போதுமுங்க. ஆனா நிக்காம ஏறோணும். உங்களால ஏற முடியுமுங்களா?"

நான்: "மாரப்பன்ட்ட சொல்லு, அரசாணி வருதுன்னு."

துளசிமணி: "இப்பவாச்சும் வாயில வந்துச்சுங்களே."


பள்ளத்தாக்குச் சரிவு. நாள் 456, காலை 7.05

உடுப்பில் இருக்கும் பெட்டியில் பேசுகிறேன். துண்டுகளைத் தார்ப்பாயில் சுற்றிக் கட்டிச் சறுக்குப் பலகையில் வைத்திருக்கிறேன். ஊரில் என்றால் நான்கு ஆள் வேண்டும். இங்கே எடை குறைவு. கயிற்றை இடுப்பில் சுற்றி, குதிகாலை ஊன்றி இறங்குகிறேன். காற்றளவு காட்டும் விளக்குப் பச்சை.


காலை 8.20

பாதிச் சரிவு. மூட்டை என்னை இழுக்கிறது. நான் மூட்டையை இழுக்கவில்லை.


காலை 8.50

பாறை உடைந்தது. மூட்டையோடு உருண்டேன். மூட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. தடவிப் பார்த்தேன். வலது கால் முட்டிக்குக் கீழே வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. வலி பிறகு வந்தது.

அடிப்பள்ளத்தில் கிடக்கிறேன். இந்தக் காலை வைத்துக்கொண்டு மேலே ஏற முடியாது. விளக்கு மஞ்சள்.


காலை 9.30

மாரப்பன் வந்துவிட்டது. மூன்று காலில் வந்தது. வழியில் ஒரு கால் முறிந்ததாம்.

மாரப்பன்: "இன்னொரு காலும் ஆடுதுங்க. ஒருக்கா ஏறிருவனுங்க. அப்பறம் எறங்க முடியாதுங்க. ஒரு சொமைதான். ஆளத் தூக்கறதுங்களா, மூட்டையத் தூக்கறதுங்களா?"

துளசிமணி: "அவரத் தூக்குடா."

நான்: "மூட்டையத் தூக்குல."

துளசிமணி: "அண்ணாச்சி, கிறுக்குத்தனம் பண்ணாதீங்க. வாங்க. ரெண்டு பேரும் சேந்து பட்டினி கெடக்கலாமுங்க."

நான்: "உன் வீட்டுக்கு விருந்துக்கு வந்தா தடியங்காயத்தான் போடுவ. எனக்கு வேண்டாம்."

துளசிமணி: "வெளையாடாதீங்க! மூட்டையில இருக்கறது உப்பா இல்லையான்னே தெரியாதுங்க. தெரியாத ஒண்ணுக்கு உங்கள வுட்டுட்டு வரச் சொல்றீங்களா?"

நான்: "என்னைய தூக்குனா ரெண்டு பொணம், அது தெரிஞ்சது. மூட்டையத் தூக்குனா பாதிக்குப் பாதி. நீ படிச்சவதான, எது பெருசு சொல்லு."

மாரப்பன்: "யாரு சொல்றதக் கேக்கறதுங்க?"

வானொலி திறந்தே இருந்தது. அவள் மூச்சு கேட்டது. வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தால் அது என்னைத்தான் தூக்கியிருக்கும். அது அவள் வளர்ப்பு. அவள் சொல்லவில்லை. வெகுநேரம் கழித்து அழுகிற சத்தம் வந்தது.

மாரப்பன்: "ஆகட்டுங்க."

மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகிறது. ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து. மெதுவாக ஏறு, ஏல, மெதுவாக.


காலை 10.40

விளக்குச் சிவப்பு. எண்ணும் காட்டுகிறது. எனக்குப் படிக்கத் தெரியாது.

நான்: "உன் திரையில என் காத்து எவ்வளவு காட்டுது தாயி?"

துளசிமணி: "நெறைய இருக்குதுங்க."

பொய் சொல்லத் தெரியவில்லை அவளுக்கு.


காலை 11.15

மாரப்பன் மேலே போய்ச் சேர்ந்துவிட்டது. கதவருகில் விழுந்துவிட்டதாம். அவள் ஊர்ந்து வந்து மூட்டையை உள்ளே இழுத்தாளாம். கட்டை அவிழ்க்கக் கையில் பலம் இல்லை, பல்லால் அவிழ்க்கிறாள். கேட்கிறது. தார்ப்பாய் சரசரக்கிறது.

குளிர் காலிலிருந்து ஏறுகிறது. வலி இல்லை. வலி இருந்தால் நல்லது.

எழுதிக்கொள் பெட்டி. தாய் கல்லாத்தி. அவள் தாய் பெரிய பானை. தகப்பன் முரடன். முரடனுக்குத் தாய் வெடிச்சாள், பெருத்துப் பெருத்து வெடித்த மூன்று காய்களில் விதை பிழைத்தவள். இதைக் கண்டெடுப்பவர் மறந்துவிடாமல்

நான்: "வாயில வச்சியா?"

துளசிமணி: "வெக்கறனுங்க. கல்லாட்டம் உறைஞ்சிருக்குது. இருங்க."

நான்: "நாக்கு நுனியில முதல்ல. முழுங்கிராத. கரிச்சாத் துப்பிரு. கரிக்கா? எம்மா, சொல்லு. கரிக்கா?"

மெல்லுகிற சத்தம். மெல்லுகிறாள். துப்பவில்லை. ஏன் சொல்ல மாட்டேன் என்கிறாள். மறுபடி மெல்லுகிறாள்.

துளசிமணி: "உப்பே இல்லீங்க, அண்ணாச்சி. துளிகூட. சப்புன்னு இருக்குதுங்க."

சப்பென்று இருக்கிறதாம். என் காயைச் சப்பென்று சொல்ல இவளுக்கு எவ்வளவு தைரியம். பொய் என்றால் தித்திக்கிறது என்றிருப்பாள். சப்பென்று.

வாய் வரவில்லை. அவளுக்குக் கேட்கிறதா தெரியவில்லை. உள்பக்கத்துத் துண்டுகளில் விதை ஒட்டியிருக்கும். பசியில் மென்றுவிடப் போகிறாள். எல்லாவற்றையும் தின்னாதே தாயி. விதை எல்லாம் பார்க்க ஒன்று போல இருக்கும், ஒன்று அல்ல. ஒவ்வொன்றும் வேறு. அதில் எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்றால்